சாக்கு

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் கடைசி அலகு 23. 'காட்சித் தொடர்பு' என்று பெயர். மின்னோட்டம், அணுக்கரு, மரபியல் எல்லாம் முடிந்து, ஆசிரியரும் பிள்ளைகளும் களைத்துப் போயிருக்கும் நேரத்தில் வருகிற சிறிய அலகு அது. அதில் ஸ்கிராட்ச் என்ற மென்பொருளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். அசைவூட்டப் படமும் விளையாட்டும் செய்ய உதவுவது. அதற்கு மேடை உண்டு, ஸ்பிரைட் என்கிற உருவங்கள் உண்டு என்ற விவரங்கள். கணினியைத் தொடாமலே இந்த அலகை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடலாம். எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகளில் பலர் அப்படித்தான் வாங்குகிறார்கள்.

நான் எழுத வந்தது பாடத்திட்டத்தைப் பற்றி அல்ல. ஒரு பெண்பிள்ளை எதற்கும் பயன்படாத ஒன்றைத் தன் சந்தோஷத்துக்காக மட்டும் செய்யலாமா? செய்வதானால் அதற்கு ஒரு சாக்கு சொல்லியாக வேண்டுமா? அந்தச் சாக்கு பொய்யா, பிழைக்கும் வழியா? தருமபுரி மாவட்டத்தில் இந்தக் கேள்வி எனக்கு ஓர் ஆட்டின் வடிவில் வந்தது.

ஆட்டுக்கு முன்னால் ஸ்கிராட்சைப் பற்றிக் கொஞ்சம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. வண்ண வண்ணக் கட்டைகளாக இருக்கும். ஒன்றின் கீழ் ஒன்றாகப் பொருத்தினால் போதும். பொருந்தாத கட்டை ஒட்டாது. ஒரு புள்ளி விட்டுப்போனதற்காகக் கணினி ஆங்கிலத்தில் திட்டுகிற பயம் இதில் இல்லை. இதற்குப் பாட்டி முறை ஆகிறது 1967-இல் பிறந்த லோகோ. லோகோ என்றதும் சீமோர் பேப்பர்ட் பெயரைச் சொல்வார்கள். உடன் உருவாக்கிய சிந்தியா சாலமன் பெயர் பெரும்பாலும் விட்டுப்போகும். இந்தத் தொகுப்பிலாவது விட்டுப்போக வேண்டாம். லோகோவில் ஓர் ஆமைக்கு 'முன்னே போ, வலப்பக்கம் திரும்பு' என்று சொல்லிக் கோடு வரைய வைக்கலாம்.

ஸ்கிராட்சில் செய்ததை இணையத்தில் போடலாம். எங்கெங்கோ இருக்கும் பிள்ளைகள் போட்டிருப்பதைத் திறந்து, உள்ளே கட்டைகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று பார்க்கலாம். 'ரீமிக்ஸ்' பொத்தானை அழுத்தி அதையே எடுத்து மாற்றலாம். யாரிடமிருந்து எடுத்தோம் என்பது தானாகப் பதிவாகிவிடும். ஸ்கிராட்ச் என்ற பெயரே, இசைத்தட்டைக் கையால் தேய்த்துப் பழைய பாட்டிலிருந்து புதுச் சத்தம் எடுக்கும் டி.ஜே.க்களிடமிருந்து வந்ததுதான்.

பாலக்கோடு பக்கம் எங்கள் ஊரில் ஊராட்சி நூலகக் கட்டிடம் ஒன்று பூட்டியே கிடந்தது. சனிக்கிழமை மதியங்களில் சாவி வாங்கித் திறந்துவைக்கிறேன். பதினொரு பெண்பிள்ளைகள், நான்கு பையன்கள், இரண்டு மடிக்கணினிகள், என் செல்போனிலிருந்து இணையம். ஒரு மடிக்கணினி நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது வந்தது; 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டம். பேட்டரி செத்துப் பல வருடமாகிறது, வயரைப் பிடுங்கினால் உயிர் போய்விடும். மற்றது ஒரு பிள்ளையின் அக்காவுக்கு வந்தது. அக்காவுக்கு வந்தாலும் அது அண்ணனுடையது. அண்ணனுக்கு வேண்டியிருக்கும் சனிக்கிழமைகளில் எங்களிடம் ஒன்றுதான்.

எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் செய்த விளையாட்டில் ஓர் ஆடு வருகிறது. அம்புக்குறிகளால் அதை நடத்தலாம். முதலில் தழையைத் தின்னும். அடுத்தது கொடியில் காயும் துணி. அடுத்தது சுவரில் ஒட்டிய போஸ்டர். தலைவரின் முகம் பாதியோடு நிற்கும். கடைசியில் திரையின் மூலையில் இருக்கும் ஸ்கோரையே தின்றுவிடும். அதன் பிறகு நாம் ஜெயித்தோமா தோற்றோமா என்று யாருக்கும் தெரியாது. ஆடு பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும்.

ஸ்கோரைத் தின்னும் இடம் லேசுப்பட்டதல்ல. ஸ்கிராட்சில் ஸ்கோர் காட்டும் பெட்டி ஒரு ஸ்பிரைட் கிடையாது. ஆடு அதன் மேல் ஏறி நடந்தாலும் தொட்டதாகக் கணக்கில்லை. இரண்டு வாரம் அவள் அதோடு மல்லுக்கு நின்றாள். பிறகு 0 முதல் 9 வரை எண்களைத் தானே வரைந்து, ஒரே ஸ்பிரைட்டுக்குப் பத்து உடைகளாக மாட்டி, ஸ்கோர் ஏறும்போதெல்லாம் உடை மாற்ற வைத்தாள். எண்ணும் இப்போது மேடையில் நிற்கும் ஒரு பண்டம். ஆடு தொட்டால் மறையும். யாரும் சொல்லித்தரவில்லை.

எங்களுக்கு மவுஸ் வாங்கித் தந்த ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து இருவர் பார்க்க வந்தார்கள். அன்பானவர்கள். பையன்கள் செய்த கார் ரேஸைப் பார்த்து, "எத்தனை லெவல் வச்சிருக்கீங்க தம்பி?" என்று கேட்டார்கள். ஆட்டைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு, "சூப்பர்மா. இதுல என்ன மெசேஜ்?" என்றார்கள்.

அவள் கொஞ்சம் யோசித்து, "ஆடு தின்னுதுங்க" என்றாள்.

பெண் கல்வி, குழந்தைத் திருமணம் இப்படி ஏதாவது ஒன்றை வைத்துச் செய்தால் சர்டிபிகேட் தர முடியும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

குழந்தைத் திருமணத்தைப் பற்றிப் பேச வேண்டாம் என்பவள் இல்லை நான். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கியது. 2001-இல் தருமபுரிக்கும் கொண்டுவந்தார்கள். ஏன் கொண்டுவந்தார்கள் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். பெண் உயிரோடு இருப்பதற்கே காரணம் சொல்ல வேண்டியிருந்த மண் இது. ஆனால் பையனின் கார் எந்த ஊருக்கு, எந்தச் சமூக நோக்கத்தோடு போகிறது என்று யாரும் கேட்கவில்லை. அது கார், ஓடுகிறது, போதும். பெண்ணின் ஆடு மட்டும் தின்கிற நேரத்தில் சமுதாயத்தையும் திருத்த வேண்டும். இதில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. குழந்தைத் திருமணம் யாருக்கு நடக்குமோ அவளே அதை எதிர்த்து விளையாட்டும் செய்ய வேண்டும். அதைச் செய்து வைக்கிற வயதில் நாளை வந்து நிற்கப்போகிற பையன்கள் கார் ஓட்டலாம்.

பயன் என்ற வாதம் நமக்கு நிறையச் செய்திருக்கிறது, அதை மறுக்க முடியாது. பெண் படித்தால் குடும்பமே முன்னேறும் என்று சொல்லித்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். கம்ப்யூட்டர் படித்தால் பெங்களூரில் வேலை கிடைக்கும் என்று சொல்லித்தான் என்னையும் கல்லூரிக்கு அனுப்பினார்கள். ஆனால் பயனுக்காகக் கொடுத்த உரிமை பயன் தீர்ந்ததும் காலாவதியாகும். இப்போதே பாருங்கள், 'இனிமே புரோகிராமை மெஷினே எழுதிடுமாமே, அப்புறம் எதுக்கு இதெல்லாம்?' என்று பெற்றோர் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். வேலைக்காகத்தான் என்றால் அந்தக் கேள்வி நியாயமானது, என்னிடம் பதில் கிடையாது. ஆனால் ஆட்டை எந்த மெஷின் செய்தால் என்ன? அவளுக்குத் தேவைப்பட்டது ஒரு ஆடு அல்ல. ஸ்கோரைத் தொட முடியாது என்று தெரிந்த இடத்திலிருந்து தொட வைத்த இடம் வரைக்கும் இருந்த அந்த இரண்டு வாரம்.

பெண்ணின் விளையாட்டுக்கு முடிவு தேதி வைப்பது நமக்குப் புதிதல்ல. சங்க அகப்பாடல்களில் பெண்கள் ஓரை ஆடுகிறார்கள், கழங்கு ஆடுகிறார்கள், பந்தாடுகிறார்கள், மணலில் வண்டல் இழைக்கிறார்கள். பிறகு இற்செறிப்பு. அதற்குத் துறைப்பெயர் வைக்கும் அளவுக்கு வழக்கமான விஷயம் அது. எங்கள் தெருவிலும் அஞ்சாங்கல்லும் பாண்டியும் வயதுக்கு வரும்வரைதான். ஃபிளெக்ஸ் வைத்துச் சீர் செய்து அதோடு முடித்துவிடுவார்கள். ஆண்களின் டென்னிஸ் பால் கிரிக்கெட்டுக்கு அப்படி ஒரு விழா கிடையாது. நாற்பது வயதில் தொப்பையோடும் ஓடுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட்டுக்கு ஊரே நன்கொடை தருகிறது. நானும் தந்திருக்கிறேன்.

2019-இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் ஓர் எண் உண்டு. கூலியில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடும் நேரம் சராசரியாக 299 நிமிடம். செய்கிற ஆண்களுக்கு 97 நிமிடம். செய்கிற ஆண்களே குறைவு என்பது தனிக் கதை. பொழுதுபோக்கு என்ற சொல்லை இந்த இரண்டு எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். போக்குவதற்கு முதலில் பொழுது வேண்டும். எங்கள் பக்கம் பட்டுப்புழு வளர்க்கிற வீடுகளில், நான்காவது தோல் உரித்த பிறகு புழு இரவு பகல் பார்க்காமல் தின்னும். அந்த வாரத்தில் அந்த வீட்டுப் பெண்பிள்ளை நூலகத்துக்கு வரமாட்டாள். தழை வெட்ட வேண்டும், போட வேண்டும், எச்சத்தை அள்ள வேண்டும். புழு கூடு கட்டி, கூடு தருமபுரி அங்காடிக்குப் போன பிறகுதான் அவளுடைய சனிக்கிழமை அவளிடம் திரும்பி வரும்.

இப்படிப்பட்ட பொழுதில் பெண்கள் விளையாடாமல் இருந்துவிட்டார்களா என்றால் இல்லை. அங்கேதான் சாக்கு வருகிறது. தண்ணீருக்குப் போகிறேன் என்பது சாக்கு. குழாயடியில் முக்கால் மணி நேரம் கதை. துணி துவைக்கப் போவது சாக்கு, கிணற்றில் நீச்சல். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல், வேண்டுதலுக்குத் தீர்த்தமலை. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க வேண்டும் என்பது சாக்கு. விடிய விடியப் பரமபதம் ஆடலாம், பாம்பு கடித்தால் கத்தலாம், யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. சாமியே உத்தரவு கொடுத்திருக்கிறார். நம் பாட்டிகள் கெட்டிக்காரிகள். கடமையின் உறைக்குள் மிட்டாயை வைத்துச் சாப்பிட்டவர்கள்.

ஆனால் உறை மெல்ல மெல்ல மிட்டாயைத் தின்றுவிடுகிற ஆபத்தும் இருக்கிறது. கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளி வைத்து, எடுத்த இடத்துக்கே திரும்பி வரும் ஒற்றைக் கம்பியை இழுப்பது அறிவின் விளையாட்டு. 1974-இல் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளால் எழுதிக்காட்டினார்கள். மூவரில் இருவர் பெண்கள். லோகோவின் ஆமை நடப்பதைப் போலவே முன்னே போய்த் திரும்பிக் கோலம் போடும் விதிகளையும் பின்னால் வந்தவர்கள் எழுதினார்கள். அவ்வளவு நுட்பமான விளையாட்டு. ஆனால் அதைத் தினமும் செய்ய அனுமதி வாங்கித் தந்த சாக்கு 'லட்சுமி வருவாள்' என்பது. அந்தச் சாக்கு பிறகு சட்டமானது. தீட்டு நாளில் போடக்கூடாது. கணவனை இழந்தவள் போடக்கூடாது. போடாத வீட்டுக்காரி சோம்பேறி. என் அம்மாவுக்குக் கோலம் பிடிக்குமா என்று ஒருமுறை கேட்டேன். "புடிக்குதோ இல்லியோ, போட்டாகணும்ல" என்றார். பிடிக்குமா என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பே அவருக்குக் கிடைக்கவில்லை.

சர்டிபிகேட் விஷயத்துக்கு வருகிறேன். ஆட்டுக்காரப் பெண்ணின் வீட்டில் சனிக்கிழமைகளை நிறுத்துகிற பேச்சு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. 'அங்க போயி என்னத்தக் கத்துக்கிட்ட?' என்ற கேள்விக்குக் காட்ட ஒரு காகிதம் வேண்டும். அவள் ஒரே மாலையில் குழந்தைத் திருமணம் பற்றி ஒரு வினாடி வினா செய்தாள். மூன்று கேள்வி, சரியான விடையைத் தொட்டால் பச்சை டிக், கடைசியில் கைதட்டல் சத்தம். சர்டிபிகேட் வந்தது. கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். சனிக்கிழமை தப்பித்தது.

அந்த வினாடி வினாவில் 'ஏ' என்ற ஆங்கில எழுத்தை அழுத்தினால் இடப்பக்கத்திலிருந்து ஆடு வந்து பச்சை டிக்குகளைத் தின்றுவிட்டுப் போகும். வந்தவர்கள் அழுத்திப் பார்க்கவில்லை. 1980-இல் வெளிவந்த அடாரி நிறுவனத்தின் 'அட்வெஞ்சர்' விளையாட்டில் வாரன் ராபினெட் என்பவர் ஓர் இரகசிய அறை கட்டி, அதற்குள் தன் பெயரை ஒளித்து வைத்தார். விளையாட்டைச் செய்தவர் பெயரை அந்த நிறுவனம் போடாது என்பதால். அவள் அந்தக் கதையைக் கேள்விப்பட்டதில்லை. ஒளிக்க வேண்டிய நிலைமை ஒன்றாக இருந்தால் ஒளிக்கும் வித்தையும் ஒன்றாக வந்துவிடும்போல.

என் தோழி ஒருத்தி, பள்ளி ஆசிரியை, இதை ஒப்புக்கொள்ளவில்லை. 'ஒவ்வொரு முறையும் சாக்கு சொல்லி அனுமதி வாங்கினால், சாக்கு இல்லாமல் அனுமதி கிடையாது என்பதை நீங்களே உறுதி செய்கிறீர்கள். அடுத்து வரும் பெண்ணும் சர்டிபிகேட் காட்ட வேண்டியிருக்கும்' என்றாள். அது உண்மை. கோலத்தின் கதையும் அவள் பக்கம்தான் சாட்சி சொல்கிறது. ஆனால் அவள் சொல்வதுபோல் பெற்றோரிடம் போய், 'உங்க பொண்ணு விளையாடத்தான் வர்றா, இதுல ஒரு பிரயோஜனமும் இல்ல' என்று நான் நேர்மையாகச் சொன்னால், பதினொரு பேரில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? நேர்மைக்கு விலை உண்டு. அந்த விலையை நான் கொடுக்கப்போவதில்லை, அந்தப் பிள்ளைகள் கொடுப்பார்கள். அடுத்தவள் கணக்கில் நேர்மையாக இருப்பதை அறம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே சாக்கு யாருக்குச் சொல்லப்படுகிறது என்பதைப் பார்க்கச் சொல்கிறேன். அதிகாரம் கையில் வைத்திருக்கிறவரிடம் சொல்லலாம், தப்பில்லை. அந்தப் பிள்ளையிடமே சொல்வதுதான் கூடாது. 'இதைக் கற்றால் வேலை கிடைக்கும், அதனால் செய்' என்று நான் அவளிடம் சொல்லும் நிமிடத்தில் ஆடு செத்துவிடும். நூலகத்துக்குள் மெசேஜ் என்ன என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. பெற்றோர் கூட்டத்தில் நான் வேறு மொழி பேசுகிறேன். இரட்டை நாக்கு என்று சொல்லலாம். அம்மாக்களுக்கு எப்போதும் இரண்டு நாக்கு இருந்தது, நமக்குத் தெரிந்ததுதான்.

இணையத்தில் இருக்கும் அந்தப் பிள்ளைகளின் கூட்டத்திடம் எனக்குப் பிடித்ததும் இதுதான். அங்கே ஆட்டைப் பார்த்த ஒரு முகம் தெரியாத பிள்ளை, ஸ்கோரைத் தின்பது எப்படி என்று கேட்டிருந்தது. எதற்கு என்று கேட்கவில்லை. சில நாளில் ஒருவர் அதை ரீமிக்ஸ் செய்து மாடாக்கிவிட்டார். "திருடிட்டாங்கக்கா!" என்று ஓடிவந்தாள். பக்கத்து வீட்டு வாசலைப் பார்த்துக் கோலம் போட்டால் திருட்டா என்று கேட்டேன். "அவங்க சொல்லிட்டாவது போடணும்ல" என்றாள். மூலம் யாருடையது என்று மென்பொருளே காட்டுகிறதே என்றால் அவளுக்குப் போதவில்லை. அவள் மட்டுமல்ல, ஸ்கிராட்ச் பிள்ளைகளை ஆராய்ந்து ஆண்ட்ரேஸ் மன்ராய்-ஹெர்னாண்டசும் சிலரும் 2011-இல் வெளியிட்ட கட்டுரையிலும் அதுதான் வருகிறது. இயந்திரம் தானாகப் போடும் பெயரை விட, ஒரு மனிதர் கைப்பட எழுதும் நன்றியைத்தான் பிள்ளைகள் மதிப்பென்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அங்கே அவள் பெயர் அவளுடைய பெயரும் அல்ல. சொந்தப் பெயரைப் போட வேண்டாம் என்று அந்தத் தளமே பிள்ளைகளின் பாதுகாப்புக்காகச் சொல்கிறது. எங்கள் மாவட்டத்தில் அதற்கு வேறு கனமும் உண்டு. 2012 நவம்பர் 7 அன்று, ஒரு காதல் திருமணத்தைச் சாக்காக வைத்து, நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் வீடுகள் எரிக்கப்பட்டன. (சாக்கு பெண்களிடம் மட்டும் இல்லை.) அதற்குப் பிறகு பெண்ணின் கையில் செல்போன் என்றாலே பல வீடுகளில் பேச்சு மாறிவிடுகிறது: யார்கூடப் பேசுற, எந்தப் பக்கத்துப் பையன். அப்பாவின் இனிஷியல் இல்லாத, தெரு இல்லாத ஒரு பெயரை அவள் தானே வைத்துக்கொண்டாள். மாட்டைச் செய்தது எந்தத் தெருப் பிள்ளை என்பது அவளுக்குத் தெரியாது. அதன் கட்டைகளை எடுத்துத் தன்னுடையதோடு பொருத்தினாள். சாதி இதனால் போய்விடாது, அந்த ஏமாற்று எனக்கு இல்லை. ஊரில் குடத்தை யார் தொட்டார்கள் என்று இன்றும் பார்க்கிறார்கள். ஆனால் பெயரில்லாமல் ஆக்கப்பட்ட கோலக்காரிகளுக்கும், தானே தேர்ந்துகொண்ட பெயரில் ஒளிந்துகொண்ட இவளுக்கும் உள்ள வித்தியாசம் சின்னதல்ல. மாட்டுக்காரருக்கு அவள் தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறாள், மாடு நன்றாக இருக்கிறது, ஆனால் மாடு போஸ்டர் தின்னும்போது வாலை ஆட்ட வேண்டும் என்று. அவர்களுக்குப் புரிந்ததா தெரியாது.

நூலகம் நான்கு மணிக்கு முடியும். இருட்டுவதற்குள் கூட்டிப் போகச் சில அம்மாக்கள் வருவார்கள். மழைக்காலத்தில் ஒரு நாள் ஆட்டுக்காரப் பெண்ணின் அம்மா முன்கூட்டியே வந்துவிட்டார். மகள் வேறு ஒருத்திக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். கணினி சும்மா இருந்தது. எந்தப் பொத்தான் என்று கேட்டார், காட்டினேன். தழை, துணி, போஸ்டர் வரை வாய் திறக்கவில்லை. ஸ்கோரை ஆடு தின்றதும் சத்தமாகச் சிரித்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "இன்னொரு வாட்டி வரும்மா இது?" என்றார்.

இப்போது நான்கு மணிக்கு வரவேண்டிய அம்மாக்களில் மூன்று பேர் மூன்றரைக்கே வந்துவிடுகிறார்கள். பிள்ளையைக் கூட்டிப் போக வந்தோம் என்கிறார்கள்.